கனடாவின் மருத்துவ உதவி மரணச் சட்டம்: யாழ்ப்பாணத்து உறவுகள் அறியவேண்டியவை

‘பெரியப்பா ஊசி கேட்டிருக்கிறார்’, அதாவது மருத்துவ உதவியோடு உயிரை முடித்துக்கொள்ளக் கேட்டிருக்கிறார் என்று ரொறன்ரோவில் இருந்து அழைப்பு வந்தால், அது பிள்ளைகள் எடுத்த முடிவு என்று இங்கே நினைத்துவிடுகிறார்கள். அப்படி முடியாது. நோயாளியே எழுத்தில் கேட்கவேண்டும். ஒருவரையொருவர் சாராத இரு மருத்துவர்கள் (அல்லது உயர்தகுதித் தாதியர்) அவர் தகுதியானவரா என்று மதிப்பிடவேண்டும். உயிலில் பங்குள்ளவர் சாட்சிக் கையெழுத்து இடமுடியாது. பிள்ளைகள் பெரும்பாலும் தடக்குப்படுவது இங்கேதான்.

சட்டம் 2016இல் வந்தது. 2021 திருத்தத்துக்குப் பிறகு இரண்டு வழிகள்: சாவு நெருங்கியவருக்குக் காத்திருப்பு இல்லை, தீராத நோய் இருந்தும் சாவு நெருங்காதவருக்கு மதிப்பீட்டுக்கே குறைந்தது 90 நாட்கள். ஊசிக்கு முன் மறுபடி சம்மதம் கேட்பார்கள். அதற்குள் நினைவு தடுமாறினால் எல்லாம் நின்றுவிடும். முதல் வழியில் மட்டும் இந்த மறுசம்மதத்துக்கு முன்கூட்டியே எழுத்தில் விலக்குப் பெறலாம். அதைத் தள்ளிப்போடவே கூடாது.

2023இல் 15,343 பேர் இப்படி இறந்தார்கள், மொத்த இறப்பில் 4.7 சதவீதம். மிகப் பெரும்பாலானோர் முதல் வழியில்தான். என்னை உறுத்துவது இரண்டாவது வழி. வலிநிவாரணம், வீட்டு உதவி பற்றி நோயாளிக்குச் சொல்லவேண்டும் என்கிறது சட்டம். அவை கிடைத்தே ஆகவேண்டும் என்று சொல்லவில்லை. இந்த வழியை நீக்கும்படி ஐ.நா.வின் மாற்றுத்திறனாளர் உரிமைக் குழு 2025இல் கேட்டது. மனநோய் மட்டும் உள்ளவர்களுக்கான அனுமதி 2027 மார்ச் வரை ஒத்திவைக்கப்பட்டது.

மதிப்பீட்டில் மகனை மொழிபெயர்க்க விடாதீர்கள். வெளியாள் ஒருவரைக் கேளுங்கள்.