பள்ளம் மேடான கதை

என்சிசி பையன்களுக்காக ஏற்காடு மலையை மேசைமேல் எழுப்ப உட்கார்ந்தேன். பட்டாளத்தில் சாண்ட் மாடலுக்கு, அதாவது நிலத்தின் மேடுபள்ளத்தைச் சின்னதாகக் காட்டும் மண் மாதிரிக்கு, மண் குழைத்த கைதான். ஆனால் மேலிருந்து எடுத்த படம் என்னை ஏமாற்றிவிட்டது. நம் பக்கம் வெயில் பெரும்பாலும் தெற்கிலிருந்து விழுவதால் நிழல் வடக்கே, அதாவது படத்தின் மேல்பக்கம் சாய்கிறது. கண்ணோ, வெளிச்சம் படத்தின் மேல்பக்கமிருந்து வருவதாகவே நினைத்துக்கொள்ளும். விளைவு, ஓடையை முகடாக ஒட்டியிருந்தேன்! படத்தைத் தலைகீழாகத் திருப்பியதும் மலை மலையாகத் தெரிந்தது. அரை நாள் தெர்மாகோல் குப்பைக்குப் போயிற்று.

அளவு 1:25,000, அதாவது மாடலில் ஒரு சென்டிமீட்டர் என்றால் நிலத்தில் 250 மீட்டர். நூறு மீட்டர் உயரத்துக்கு 4 மில்லிமீட்டர் தெர்மாகோல் அட்டை ஒன்று. சேலம் தரையிலிருந்து சேர்வராயன் கோயில் உச்சி வரை ஐந்தரை சென்டிமீட்டர்கூட வரவில்லை. பேரன் "இவ்வளவுதானா தாத்தா?" என்றான். சரி என்று உயரத்தை மட்டும் இரட்டிப்பாக்கினேன். அதை மாடல் ஓரத்தில் எழுதியும் வைத்தேன், இல்லாவிட்டால் பையன்கள் சரிவைத் தப்பாகக் கணிப்பார்கள்.

காப்பித் தோட்டங்கள்தான் தலைவலி. சில்வர் ஓக் நிழலுக்கு அடியில் பாதை போவது எந்தப் படத்திலும் தெரியாது. இரண்டாம் உலகப்போரில் இங்கிலாந்தின் மெட்மனம் என்ற ஊரில், எதிரி நிலத்தின் விமானப் படங்களை ஸ்டீரியோஸ்கோப்பில் (இரண்டு படங்களைச் சேர்த்து மேடுபள்ளமாகக் காட்டும் கருவி) பார்த்து மாடல் செய்தவர்களுக்கு நடந்து பார்க்க வழியில்லை. எனக்கு இருக்கிறதே! ஞாயிறு காலை முதல் பஸ் பிடித்தேன்.