இடைக்காட்டூருக்கு ஒரு முதல் வெள்ளி நடை

மதுரையிலிருந்து மானாமதுரை போகும் சாலையில், முத்தனேந்தல் பக்கம் பிரிந்து உள்ளே போனால் இடைக்காட்டூர். சுமார் 36 கிலோமீட்டர். சித்தர் இடைக்காடரின் ஊர் என்று சொல்வார்கள். எங்களுக்கு அது திரு இருதய ஆண்டவர் கோயில் இருக்கும் ஊர். பிரெஞ்சு சேசு சபைக் குருவான பெர்டினாண்ட் செல் 1894இல் கட்டிய கோயில். இந்த முறை மாதத்தின் முதல் வெள்ளிப் பூசைக்கு நடந்தே போவதென்று எங்கள் அன்பியத்தார் முடிவு செய்தோம்.

அன்பியம் என்பது பங்கை, அதாவது ஒரு கோயிலைச் சேர்ந்த மக்களை, தெருவாரியாகப் பிரித்து அமைத்த சின்னக் குழு. பக்கத்துப் பக்கத்துக் குடும்பங்கள் யாராவது ஒருவர் வீட்டில் கூடி நற்செய்தி வாசிப்போம், செபிப்போம். செபம் முடிந்து காபி வரும்போதுதான் மீதி நடக்கும். யாருக்கு உடம்பு முடியவில்லை, யார் வீட்டில் பள்ளிக் கட்டணத்துக்குத் தட்டுப்பாடு, யார் வீட்டுக் கிழவியைப் பார்க்க ஆளில்லை என்பதெல்லாம் அப்போது வெளியே வரும். எங்கள் தெரு ஆட்டோக்காரர் பெரியாஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, எந்த வீடு எந்த வேளைக்குச் சாப்பாடு கொண்டுபோவது என்று அங்கேதான் முறை போட்டோம். பிறர் அன்பு என்ற கட்டளையைச் சிறு வயதிலேயே மனப்பாடம் செய்தவள் நான். ஆனால் புதன்கிழமை இரவுச் சாப்பாடு என் பொறுப்பு என்று ஆனபோதுதான் அது கைக்கு வந்தது.

வியாழன் சாயங்காலம் தெப்பக்குளத்தில் கூடினோம். வெயிலுக்குப் பயந்து இரவு நடை. முன்னால் சிவப்புக் கொடியோடு ஒரு பையன், கடைசியில் டார்ச்சோடு இன்னொருவன். லாரிக்காரர்களுக்குத் தெரியட்டுமென்று எல்லார் பையிலும் மினுங்கும் ஒட்டுப்பட்டை. ஆளுக்கொரு நேர்த்தி இருந்தது. ஒருவருக்கு மகள் கல்யாணம், ஒருவருக்கு வீட்டுக் கடன், இன்னொருவர் வாய் திறந்து சொல்லவே இல்லை. விரகனூர் தாண்டியதும் செபமாலை ஆரம்பித்தது. முன்னால் போகிறவர்கள் பாதி மந்திரத்தைச் சொல்ல, பின்னால் வருகிறவர்கள் மீதியைச் சொல்லி முடிப்பார்கள்.

சிலைமான் வரை ஒன்றாகத்தான் போனோம். அப்புறம் வரிசை நீண்டுவிட்டது. இளசுகள் வேகமாகப் போய்விட, முழங்கால் வீங்கிய ஒரு அப்பத்தா ரொம்பவே பின்தங்கிவிட்டார். பை ஏற்றி வந்த பைக்கில் உட்காரச் சொன்னால், “நடக்கிறேன்னு நேர்ந்தேன், நடந்துதான் வருவேன்” என்று ஒரே பிடிவாதம். எங்கள் பொறுப்பாளர் அக்கா சத்தமே போடவில்லை. கொடி பிடித்த பையனைக் கூப்பிட்டு, “அப்பத்தா கூட நட. கொடி அங்கதான் போகணும்” என்றார். அவ்வளவுதான். அதுவரை முன்னால் போன கொடி அப்பத்தாவோடு சேர்ந்துகொண்டது, அவர் வேகம் எல்லாருக்குமான வேகமாயிற்று. திருப்புவனத்தில் டீ குடிக்கும்போது நேரமாகிவிட்டதென்று ஒன்றிரண்டு பேர் முணுமுணுத்தார்கள். அதுவும் நியாயம்தான், பூசைக்குப் போய்ச் சேர வேண்டுமே. ஆனாலும் யாரும் விட்டுவிட்டுப் போகவில்லை.

விடிந்து கொஞ்ச நேரத்தில் இடைக்காட்டூர். கோயிலுக்கு வெளியே மர நிழலில் உட்கார்ந்து புளியோதரைப் பொட்டலங்களை எடுத்தோம். ஒரு சின்னப் பையன் பசி தாங்காமல் நூலை அவிழ்த்துவிட்டான். அவன் அம்மா எதுவும் சொல்லாமல் வாழையிலையை மடித்துத் திரும்பக் கட்டி அவன் மடியிலேயே வைத்தார். அப்பத்தாவும் கூட வந்தவர்களும் வந்து, கால் கழுவி உட்கார்ந்த பிறகுதான் எல்லாரும் பிரித்தோம்.

கொரிந்து நகரச் சபைக்குத் திருத்தூதர் பவுல் எழுதியது எனக்கு அங்கே ஞாபகம் வந்தது. ஆண்டவரின் விருந்துக்கென்று கூடிய இடத்தில் வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட, இல்லாதவர்கள் பசியோடு நின்றார்கள். பவுல் கடுமையாகக் கண்டிக்கிறார். கடைசியில் அவர் சொல்லும் வழி, உண்ணக் கூடும்போது ஒருவர் மற்றவருக்காகக் காத்திருங்கள் என்பது. எருசலேமிலும் இப்படி ஒன்று நடந்தது. தினசரிப் பந்தியில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் விடுபட்டுப் போகிறார்கள் என்று புகார் வந்ததும், அதைக் கவனிக்கவே ஏழு பேரை நியமித்தார்கள். யாருக்குச் சோறு போய்ச் சேரவில்லை என்பதைத் திருத்தூதர்கள் சபையைக் கூட்டிப் பேச வேண்டிய காரியமாக நினைத்தார்கள்.

நம் மண்ணில் இதையே மறந்த காலமும் உண்டு. திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளம் கோயிலுக்குள் சாதி பார்த்து மக்களைப் பிரிக்கச் சுவர் இருந்தது, 1910இல்தான் அது இடிக்கப்பட்டது. கல்லறைத் தோட்டத்தில் இன்னும் பிரிவினை உள்ள ஊர்கள் இருக்கின்றன. ஒரே அப்பத்தில் பங்குகொள்கிறவர்கள் மண்ணுக்குள் போகும்போது தனித்தனி என்றால் அந்த விசுவாசத்தை நான் ஏற்க மாட்டேன். கூட்டமாக இருப்பதால் மட்டும் யாரும் சபை ஆகிவிடுவதில்லை.

கோயில் அழகைச் சொல்லாமல் போகக் கூடாது. கோதிக் பாணியில் எழும்பிய சிவப்புக் கட்டடம். விதவிதமாக வார்த்த செங்கற்கள், சுடுமண்ணில் சம்மனசுகள் என்ற வானதூதர்கள், கூர்ந்து மேலே சேரும் வளைவுகள். உள்ளே திரு இருதயச் சுரூபத்தின் முன் முழந்தாளிட்டபோது கால்வலி கொஞ்ச நேரம் மறந்தேபோனது. எனக்கென்று கேட்க நினைத்து வந்தவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினேன். ராத்திரி முழுக்க கூட நடந்தவர்களின் நேர்த்திகள்தான் முதலில் வாயில் வந்தன.

எங்கள் தெருவில் இரண்டு வீட்டுக்காரர்கள் சாக்கடைத் தண்ணீர் தகராறில் வருஷக்கணக்காகப் பேசுவதில்லை. இரண்டு பேருமே நடையில் இருந்தார்கள். காணிக்கை செலுத்த வரும்போது சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் சமாதானம் ஆகு என்கிறார் இயேசு. பூசையில் சமாதானம் பகிரும் நேரத்தில் பெரியவர் திரும்பிக் கைகூப்பினார். மற்றவர் சற்றுத் தயங்கி, கூப்பினார். கட்டிப்பிடிக்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை.

திரும்பும்போது பஸ். ஜன்னலோர இடத்தை அப்பத்தாவுக்குக் கொடுத்தோம். சிலைமான் வந்தபோது அக்கா அந்த இருவரிடமும், அடுத்த அன்பியக் கூட்டம் யார் வீட்டில் என்று கேட்டார். பெரியவர் தன் வீட்டில் வைக்கச் சொன்னார். “நீங்களும் வரணும்” என்றார் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்து. “பார்ப்போம்ணே, அந்தக் குழாயையும் அன்னிக்கே பார்த்துருவோம்” என்றார் அவர். ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்குக் கூட்டம். கொத்தனாரிடம் நான் பேசுவதாகச் சொல்லியிருக்கிறேன்.