இருபது வருஷ ஏர்ஃபோர்ஸ் அனுபவமும் ஏ.எம்.இ. மாட்யூல் 9-உம்

நேற்று மதியம் ரிசல்ட் பார்த்தேன். ஏ.எம்.இ., அதாவது விமானப் பராமரிப்பு இன்ஜினியர் லைசென்ஸுக்கான பரீட்சையில் மாட்யூல் 9 (மனிதத் தவறுகளைப் பற்றிய ஹ்யூமன் ஃபேக்டர்ஸ்) பாஸ். இதோடு பி1.1-க்கு (டர்பைன் இன்ஜின் விமானங்களுக்கான லைசென்ஸ் பிரிவு) வேண்டிய பேப்பர் எல்லாம் முடிந்தது. போன தடவை இதே பேப்பர் ஒரே ஒரு கேள்வியில் கைவிட்டுப் போனது. அந்த வலி இன்னும் ஆறவில்லை. அதனால் மற்றவற்றைவிட இதைப் பற்றித்தான் அதிகம் எழுதுவேன். யூனிஃபார்மைக் கழற்றிவிட்டு லைசென்ஸுக்குப் படிக்கும் தம்பிகளுக்குத்தான் இது.

ஏர்ஃபோர்ஸில் நான் இன்ஜின் டிரேட் (தொழில் பிரிவு). சர்வீஸில் பெரும்பகுதி ஏஎன்-32 சரக்கு விமானம். அதன் ஏஐ-20 இன்ஜினில் எந்த போல்ட் எங்கே இருக்கிறது என்பதை இருட்டிலும் விரல் சொல்லும். "உங்களுக்கு எதுக்கு சார் படிப்பு?" என்று பார்த்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். மாட்யூல் 15 (கேஸ் டர்பைன் இன்ஜின்), 17 (ப்ரொப்பெல்லர்) இரண்டும் முதல் தடவையே வந்துவிட்டன. நானும் நம்பிவிட்டேன். ஹ்யூமன் ஃபேக்டர்ஸ் புத்தகத்தை இரண்டே நாள் புரட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தேன்.

மூன்று விடையுமே நியாயமாகத் தெரியும், அதுதான் அந்தப் பேப்பரின் ஆபத்து. ஷிப்ட் முடிகிற நேரம், பாகம் பொருந்துகிற மாதிரி இருக்கிறது, மேலதிகாரி அவசரப்படுத்துகிறார், என்ன செய்வீர்கள்? ஒவ்வொரு கேள்விக்கும் ‘எங்கள் ஸ்குவாட்ரனில் என்ன செய்வோம்’ என்று யோசித்தே விடை போட்டேன். சீனியரைக் கேட்பது, விமானத்தை நேரத்துக்குத் தயார் செய்வது. என் கை பழகிய பழக்கம்தான் அன்றைக்குப் பரீட்சை எழுதியது.

தோற்ற பிறகுதான் 1990 ஜூன் 10 விபத்தை ஒழுங்காகப் படித்தேன். பர்மிங்ஹாமிலிருந்து மலாகா போன பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390, பிஏசி 1-11 விமானம். சுமார் 17,300 அடியில் கேப்டன் பக்கத்துக் கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது. பாதி உடம்பு வெளியே போன கேப்டனைக் கேபின் ஊழியர்கள் காலைப் பிடித்து வைத்திருந்தார்கள். சவுத்தாம்ப்டனில் இறங்கினார்கள், அவரும் பிழைத்தார். கண்ணாடியை மாற்றி 27 மணி நேரம்தான் ஆகியிருந்தது. 90 போல்ட்டில் 84 விட்டம் குறைந்தவை. மாட்டியவர் கற்றுக்குட்டி இல்லை, அனுபவம் மிகுந்த ஷிப்ட் மேனேஜர். பழைய போல்ட்டைப் பக்கத்தில் வைத்துக் கண்ணாலேயே ஒப்பிட்டு எடுத்தார், பாகங்களின் கேட்டலாக்கைத் திறக்கவில்லை.

அதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு முறை நானும் அப்படி ஒரு கிளாம்ப் ஸ்க்ரூவைக் கண்ணளவில் எடுத்து மாட்டியிருக்கிறேன். காலை இன்ஸ்பெக்ஷனில் பிடித்துவிட்டார்கள்.

அதற்கப்புறம் நான் செய்தது ஒன்றுதான். டர்ட்டி டஜன், அதாவது பராமரிப்பில் தவறு நடக்க வைக்கும் காரணங்கள் பன்னிரண்டையும் மனப்பாடம் செய்வதை விட்டேன். ஒரு நோட்டில் பன்னிரண்டு பக்கம் ஒதுக்கி, ஒவ்வொன்றுக்கும் என் சர்வீஸிலிருந்து ஒரு நிஜச் சம்பவம் எழுதினேன். களைப்புக்கு ஒன்று, நெருக்கடிக்கு ஒன்று, ‘இப்படித்தான் செய்வோம்’ என்ற வழக்கத்துக்கு ஒன்று. சம்பவத்துக்குக் கீழே, அன்றைக்கு எந்த மேனுவலை, எந்தப் பதிவைத் திறந்திருக்க வேண்டும் என்று ஒரு வரி. வேறு எதையும் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

மற்றவை வேகமாக:

- மாட்யூல் 7 (பராமரிப்பு முறைகள்): போல்ட்டை அளவோடு முறுக்கும் டார்க் ரெஞ்சில் எக்ஸ்டென்ஷன் போட்ட கணக்கை விடாதீர்கள். 300 இன்ச்-பவுண்ட் வேண்டும், ரெஞ்ச் நீளம் 10 அங்குலம், நேராக நீளும் எக்ஸ்டென்ஷன் 2 அங்குலம் என்றால் 250-இல் செட் செய்ய வேண்டும். கையால் ஆயிரம் தடவை செய்தவன் பேப்பரில் தடுமாறுவான்.
- ரஷ்ய விமானத்தில் வளர்ந்தவர்களுக்கு: அழுத்தத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ என்பது 14.22 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு பவுண்ட்). பிஎஸ்ஐ-யிலேயே யோசிக்கப் பழகுங்கள்.
- மாட்யூல் 10 (விமானச் சட்டங்கள்): பழைய நோட்ஸில் 1934 விமானச் சட்டம் இருக்கும். 2025 ஜனவரி 1 முதல் பாரதிய வாயுயான் அதிநியம், 2024.
- மாட்யூல் 5 (டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸ்): பைனரி, லாஜிக் கேட் எல்லாம் என் மகளிடம்தான் கற்றுக்கொண்டேன். வயதைப் பார்க்காமல் கேளுங்கள்.
- கேள்விக்கு 75 விநாடி. தெரியாததைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வாருங்கள்.
- காலை 4 மணிப் படிப்பு. நடந்துகொண்டே வாய்விட்டுப் படித்தால்தான் எனக்கு ஏறும். ராத்திரிப் படிப்பு யாருக்கும் வேண்டாம் என்பேன்.

மாட்யூல் 10 படிக்கும்போது சிஆர்எஸ் (பராமரிப்பு முடிந்து விமானத்தைப் பறக்க விடும் சான்று) பகுதியில் ரொம்ப நேரம் நின்றேன். ஏர்ஃபோர்ஸில் விமானத்தின் பராமரிப்புப் பதிவான ஃபார்ம் 700-இல் ஒவ்வொரு டிரேடும் தன் தன் வேலைக்குக் கையெழுத்துப் போடும். நான் போட்டதெல்லாம் இன்ஜினுக்கு மட்டும். இங்கே சிஆர்எஸ்-இல் கையெழுத்துப் போடுகிறவர், அதில் அடங்கிய வேலை முழுவதற்கும் பதில் சொல்ல வேண்டும்.

இன்னும் சர்வீஸில் இருப்பவர்களுக்கு ஒன்று. டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன்பே எந்த விமானத்தில், எந்தத் தேதியில், என்ன வேலை செய்தீர்கள் என்று எழுத்தில் சான்று வாங்கி வையுங்கள். வெளியே வந்த பிறகு அந்தக் காகிதத்துக்காக நான் மாதக்கணக்கில் அலைந்தேன். ராணுவ அனுபவம் மட்டும் போதாது, சிவில் பராமரிப்பிலும் வேலை செய்து காட்ட வேண்டும். பேப்பர் முடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த வேலையை முன்னாடியே தேடுங்கள்.