மாநிலத் தலைவர் தேர்தல்: சுங்கை சிப்புட் நாட்குறிப்பு

ஜூன் 8

எங்கள் கட்சியின் பேராக் மாநிலத் தலைவர் பதவிக்குப் போட்டியிடப் போவதாக இன்று கிளைக் கூட்டத்தில் அறிவித்தேன். கூட்டம் கலைந்த பிறகு மூத்த உறுப்பினர் ஒருவர், "நாடாளுமன்றத்துக்கு நின்றாலும் நாலு பேருக்குப் பெயர் தெரியும், தம்பி. மாநிலத் தலைவராகி என்ன செய்துவிடுவீர்கள்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணை நிலத்தை மாநிலப் பட்டியலில் வைத்திருக்கிறது. தமிழ்ப்பள்ளிக்கு ஆசிரியரை அனுப்புவது புத்ராஜெயாவில் இருக்கும் கூட்டரசு. அந்தப் பள்ளி நிற்கும் மண்ணுக்குப் பட்டா கொடுக்க வேண்டியது ஈப்போவில் இருக்கும் மாநில அரசு. கோயில் நிலத்துக்கும், தோட்டத்தை விட்டு வெளியேறும் குடும்பங்களுக்கான வீட்டு நிலத்துக்கும் இதுவே நடைமுறை. நம்மவர்கள் காலங்காலமாக அமைச்சர் பதவியைப் பற்றியே பேசி வந்திருக்கிறோம். மாநில அரசின் தலைவரான மந்திரி பெசாரிடம் நேரில் பேசக்கூடிய மாநிலத் தலைவர் யார் என்று கேட்பதே இல்லை.

ஜூன் 11

எங்கள் கட்சியில் மாநிலத் தலைவரைக் கிளைகள் அனுப்பும் பேராளர்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. அவர்கள் பதினைந்து செயற்குழு உறுப்பினர்களைத் தேர்வு செய்வார்கள். அந்தப் பதினைவர் தங்களுக்குள் ஒருவரைத் தலைவராக்குவார்கள். ஆகவே நான் வெற்றி பெற்றால் மட்டும் போதாது, என்னை ஆதரிக்கும் இன்னும் எழுவரும் வெற்றி பெற வேண்டும். இதனால்தான் ஒவ்வோர் அணியும் பெயர்ப்பட்டியல் ஒன்றைப் புலனத்தில் (வாட்ஸ்அப்) சுற்றவிடுகிறது. கட்சிக்காரர்கள் அதை "மெனு" என்கிறார்கள்.

ஜூன் 21

இன்று பிற்பகல் முழுவதும் தோட்டத்தில் கழிந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்து நெடுங்காலமாகிறது. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பாதி வீடுகளில் வங்காளதேசத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். மீதியில் ஓய்வு பெற்ற நம்மவர்கள், நிர்வாகம் எப்போது காலி செய்யச் சொல்லுமோ என்ற கவலையுடன் இருக்கிறார்கள். பால்வெட்டிலேயே ஆயுளைக் கழித்த ஓர் அம்மா, "வேலை முடிந்தால் வீடும் முடிந்தது, ஐயா" என்றார்.

இந்த ஊரில் இதைக் கேட்கும்போது இவ்வூர்க்காரரான முன்னாள் அமைச்சர் துன் சம்பந்தனை நினைக்காமல் இருக்க முடியாது. வெள்ளைக்கார நிறுவனங்கள் தோட்டங்களைத் துண்டாடி விற்ற காலத்தில், தொழிலாளர்களிடம் மாதம் பத்து வெள்ளி வீதம் பங்குப் பணம் திரட்டி, 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அவர் தொடங்கினார். மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் அதன் கைக்கு வந்தது. பின்னாளில் தேசிய நிலச் சட்டத்தொகுப்பில் 214ஏ பிரிவு சேர்ந்தது. 40 ஹெக்டேருக்குக் குறையாத தோட்ட நிலத்தைத் துண்டாடி மாற்றிக் கொடுக்க வேண்டுமானால் தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் வேண்டும் என்கிறது அது. தோட்டத்தை ஒரு மேம்பாட்டு நிறுவனம் வாங்கிக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன்பின் விவசாய நிலத்தைக் கட்டட நிலமாக மாற்ற மாநில அரசிடம் விண்ணப்பம் வரும். லயத்துக் குடும்பங்களுக்கு வீடு கட்டித் தர வேண்டும் என்ற நிபந்தனையை மாநிலம் விதிக்கக்கூடிய தருணம் அதுதான். அந்த நேரத்தில் எங்கள் கட்சியின் சார்பில் யார் பேசுவார் என்பதே என் வேட்புமனுவின் முழுக் காரணம்.

ஆனால் அந்த லயத்தில் பேராளர் ஒருவர்கூட இல்லை. உறுப்பினர் பதிவேட்டில் தோட்ட முகவரியுடன் இருப்பவர்களில் பலர் ஈப்போவிலும் கிள்ளானிலும் தாமான் எனப்படும் நகரக் குடியிருப்பு வீடுகளுக்குப் போய்விட்டார்கள், சிலர் சிங்கப்பூரில் வேலை செய்கிறார்கள். கிளையின் சந்தாவை வேறு யாரோ கட்டிவிடுகிறார்கள். யார் கட்டுகிறாரோ, பேராளர் பெயரையும் அவரே எழுதித் தருகிறார்.

ஜூலை 2

கட்சிக்குள் இருக்கும் எதிரணியிலிருந்து ஓர் அண்ணன் வந்தார். பட்டியலில் எனக்கு ஓரிடம் உறுதி, தலைவர் பேச்சை மட்டும் விட்டுவிட வேண்டும் என்றார். பழகிய மனிதர், தேநீர்க் காசையும் அவரே கொடுத்தார். வீட்டு நிலத்துக்கான கொள்கைத் தீர்மானத்தை உங்கள் அணி முன்மொழியுமா என்று கேட்டேன். "அதெல்லாம் ஜெயித்த பிறகு பார்ப்போம்" என்றார். எழுத்தில் தராத வாக்குறுதிக்காக விலக முடியாது என்று சொல்லி அனுப்பினேன்.

ஜூலை 9

நாள் முழுவதும் தொலைபேசி. ஆங்கிலேயர் காலத்தில் சீனர்களைக் குடியமர்த்திய புதுக்கிராமங்களின் பேராளர்கள் எதிர்பார்த்ததைவிடப் பொறுமையாகக் கேட்டார்கள். அவர்களுக்கும் நிலக் குத்தகைப் புதுப்பிப்பு தீராத தலைவலி. இதைத் தொடக்கத்திலேயே எங்கள் அணி பேசியிருக்கலாம்.

ஜூலை 20

பதினைவரில் பதினோராவது இடத்தில் தேர்வானேன். எங்கள் அணியில் ஆறு பேர் மட்டுமே வந்ததால் தலைவர் பதவி எதிரணிக்குப் போயிற்று. பொறுப்புகளைப் பிரிக்கும் கூட்டத்தில் துணைத் தலைவர் பதவி தருவதாகச் சொன்னார்கள். அதற்குப் பதிலாக நிலம், வீடமைப்புப் பிரிவைக் கேட்டேன். கேட்பார் வேறு யாரும் இல்லாததால் உடனே கிடைத்தது.

ஜூலை 23

மாவட்ட நில அலுவலகத்தில் நில மாற்ற விண்ணப்பங்களைப் பற்றி விசாரிக்க எழுத்துப்பூர்வமாக அனுமதி கேட்டிருக்கிறேன். கடிதத்தின் நகல் புதிய மாநிலத் தலைவருக்கும் போயிருக்கிறது.