ஐந்தில் ஒன்றுதான் பிழைத்தது

தஞ்சாவூரில் ஒரு நர்சரியில் டென்ட்ரோபியம் என்ற ஆர்க்கிட் பூச்செடி ஐந்து வாங்கினேன். ஒன்று 450 ரூபாய். எதில் வைப்பது என்று கேட்டதற்கு, "மண்ணும் தொழுவுரமும் கலந்து வையுங்க சார், பிச்சுக்கும்" என்றார் அந்த ஆள். மயிலாடுதுறைக்காரனுக்கு மண்ணுக்கா பஞ்சம்? வயல் வண்டலையே அள்ளிப் போட்டு நட்டேன்.

ஐப்பசி அடைமழையில் இலைகள் மஞ்சளாகிக் கொட்டின. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தால் வேரின் மேல்தோல் கொழகொழவென்று கையோடு உருவிக்கொண்டு வருகிறது. உள்ளே நூல் மாதிரி ஒரு நரம்புதான் மிச்சம். நான்கு போயே போச்சு. திரும்ப பஸ் ஏறிப் போய்க் கேட்டால், "அது ஊட்டிச் செடி சார், நம்ம ஊருக்கு வராது" என்கிறார் அதே ஆள். விற்கும்போது எங்கே போனதோ அந்த ஞானம்! தாய்லாந்தின் புழுக்கத்தில் ஏற்றுமதிக்கே வளர்க்கிற செடி இது.

வழி காட்டியது எங்கள் கொல்லை மாமரம். கிளையில் புல்லுருவி என்று அப்பா வெட்டப் போனதைப் போய்ப் பார்த்தால், வாண்டா ஆர்க்கிட்! புல்லுருவி மரத்துக்குள் வேரை இறக்கிச் சாறு குடிக்கும். இது பட்டையைப் பிடித்துத் தொற்றிக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான். காற்றில் தொங்கிய வெள்ளை வேர், தண்ணீர் பட்டதும் பச்சையானது. "விடுங்கப்பா, இருக்கட்டும்" என்றேன். இந்த வேருக்கு வேண்டியது மண் இல்லை, காற்று என்று அப்போதுதான் உறைத்தது.

மிஞ்சிய டென்ட்ரோபியத்தின் அழுகிய வேரை நறுக்கிவிட்டு, இஸ்திரி வண்டிக்காரரிடம் வாங்கிய கரியைக் கழுவி, ஓட்டுச் சில்லோடு பக்கமெல்லாம் துளை போட்ட சட்டியில் நிரப்பி வைத்தேன். செடியைக் குச்சியில் இறுக்கிக் கட்டுங்கள். ஆடினால் புது வேர் முனை நசுங்கிவிடும். வெயிலுக்கு 50 சதவீத நிழல் தரும் பச்சை வலை.

அப்புறமும் ஒரு அடி. எங்கள் போர் தண்ணீர் உப்பு. கரியில் வெள்ளை பூத்து வேர் நுனி கருகியது. இப்போது மாடி மழைத்தண்ணீரை டிரம்மில் பிடித்து வைத்துத்தான் ஊற்றுகிறேன். உரம் 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ளது), லிட்டருக்கு ஒரு கிராம், வாரம் ஒருமுறை. நெல்லுக்கு வீசுகிற கையை இங்கே காட்டாதீர்கள்.

இந்த ஆவணியில் ஒரு தண்டில் ஏழு பூ, ஊதா நிறத்தில். ஒரு மாதம் ஆகியும் ஒன்றுகூட உதிரவில்லை. சாமிக்கு ரெண்டு பறிக்கட்டுமா என்று அம்மா தினமும் கேட்கிறாள். இன்னும் விடவில்லை.