எந்தப் பக்கம் கேட்கிறது?

ஜூன் 28

திடீரென்று கேட்காமல் போன இடது காதுக்கு மாத்திரை ஆரம்பம். ஒவ்வொன்றும் 5 மில்லிகிராம், காலையில் ஒரே தடவையாக 12. தட்டில் இட்லியைவிட மாத்திரை அதிகம்.

விரல் சோதனை (காதருகே விரலைத் தேய்த்துக் கேட்கிறதா என்று பார்ப்பது): வலது உண்டு. இடது இல்லை.

ஜூன் 29

வீட்டில் உட்கார்ந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று ஜைல்ஸ்கேட்டிலிருந்து நடந்தே டர்ஹாம் டவுனுக்குப் போனேன். மார்க்கெட் பிளேஸைத் தாண்டி சாட்லர் தெருவில் இறங்கும்போது அக்கார்டியன் கேட்டது. அந்த மனிதரைத் தெரியும். குளிர்காலத்தில்கூட விரல் நுனி வெட்டிய கையுறை போட்டுக்கொண்டு வாசிப்பவர். சத்தம் வலப்பக்கமிருந்து வந்தது. சரி, இடத்தை மாற்றிவிட்டார், கதீட்ரலுக்குப் போகும் மேட்டில் உட்கார்ந்திருப்பார் என்று வலப்பக்கமாகவே ஏறினேன். ஏற ஏற சத்தம் தேய்ந்தது. ஓவன்கேட் முனை வரை போய்த் திரும்பி வந்தால், மனிதர் எல்வெட் பாலத்தில், வழக்கமான இடத்தில், சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருக்கிறார். பாலம் எனக்கு இடப்பக்கம்.

வலது காது மட்டும் வேலை செய்தால் உலகத்துச் சத்தமெல்லாம் வலப்பக்கமிருந்துதான் வரும். இது யோசித்தாலே தெரிகிற விஷயம். கால் நோகப் பதினைந்து நிமிடம் மேடு ஏறி இறங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

ஒரு பவுண்டு போட்டேன். ஏதோ கேட்டார். தலையாட்டினேன். மறுபடி கேட்டார், மறுபடி ஆட்டினேன். வாசிக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன வாசிக்கட்டும்?" என்று கேட்டிருக்கிறார். நான் "ஆமாம்" என்றிருக்கிறேன்.

ஜூன் 30

ராத்திரி மூன்று மணிக்குத் தயிர்சாதம். மாத்திரைப் பசி. தூக்கம் கிடையாது.

இவரிடம் காலையில் மறுபடி அந்த ஒன்பது நாள் பேச்சை எடுத்தேன். முதலில் பார்த்தவர் அழுக்கு என்றார், ஆலிவ் எண்ணெய் விடச் சொன்னார். ஒன்பது நாள் விட்டேன். இந்த வியாதிக்கு மாத்திரையை எத்தனை சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அத்தனை நல்லது என்று இரண்டாவது டாக்டர் சொன்னபோது தன் நோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதையே எத்தனை தடவை சொல்லுவே?" என்றார் இவர். ஒன்பது தடவை சொல்வேன்.

ஜூலை 2

பட்டமளிப்புக் கூட்டம். கறுப்பு அங்கிகள். சில்வர் தெருவில் நடக்க இடமில்லை. சாக்ஸபோன் வாசிப்பவருக்கு நல்ல வசூல். பெற்றோர்கள் தாராளம்.

இந்தக் கற்சந்துகளில் இருபுறச் சுவரிலும் எதிரொலித்துத்தான் பாட்டு வரும். இரண்டு காது இருப்பவர்களுக்கே கொஞ்சம் குழப்பம்தான். இது ஆறுதலுக்காக நானே கண்டுபிடித்தது.

ஜூலை 3

பாலத்துக்கு அடியிலும் ஒரு பாட்டுக்காரர் இருந்தார். எத்தனை வருஷமாக இந்தப் பாலத்தின்மேல் காய்கறிப் பையோடு நடக்கிறேன், கீழே சிறை இருந்தது தெரியாது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பிஷப் கட்டத் தொடங்கிய பாலம். 1632இல் அதன் கரையோர வளைவுகளில் திருத்தச் சிறை வைத்தார்கள். அதில் கடைசிக் காலத்தைக் கழித்தவர் ஜிம்மி ஆலன், நார்தம்பர்லாந்துப் பைக்குழல்காரர். பிரபு வீட்டில் வாசித்தவர், சந்தையில் வாசித்தவர், பட்டாளத்தில் சேரக் கொடுக்கிற பணத்தை வாங்கிக்கொண்டு ஓடிப்போவதையே ஒரு தொழிலாக வைத்திருந்தவர். 1803இல் குதிரை திருடி மாட்டிக்கொண்டார். தூக்குத் தண்டனை. பிறகு அதைக் குறைத்தார்கள், மிச்ச ஆயுள் முழுக்கச் சிறையில்தான் கழிந்தது. மாட்டியபோதே வயது எழுபதை நெருங்கியிருந்தது. 1810 நவம்பரில் செத்துப்போனார். அதற்குப் பிறகு இளவரசரிடமிருந்து மன்னிப்புக் கடிதம் வந்து சேர்ந்ததாம்.

ஊர்க்கதைதான். அந்த இளவரசர் ராஜாவுக்குப் பதிலாக ஆளத் தொடங்கியதே 1811 பிப்ரவரியில். கதையை அப்படியே நம்பினால்கூட மன்னிப்பு மூன்று மாதம் தாமதம். என்னுடையது ஒன்பது நாள்.

அந்தக் குழலைப் பற்றி: வாயால் ஊதுவதில்லை. முழங்கையில் கட்டிய துருத்தியை விலாவோடு அமுக்கிக் காற்றைப் பைக்குள் அனுப்புகிறார்கள். கூடவே சுருதிக் குழல்கள் ஒரே ஸ்வரத்தில் நின்றுகொண்டிருக்கும், நம் ஒத்து மாதிரி. மன்னார்குடியில் ஒத்து ஊதுகிறவரை யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. அவர் நிறுத்தினால்தான் தெரியும்.

ராத்திரிகளில் பாலத்துக்கு அடியில் ஆலனின் குழல் கேட்கும் என்கிறார்கள். எனக்கு ராத்திரிகளில் கேட்பது வேறு. குக்கர் விசில் வருவதற்குச் சற்று முன்னால் ஒரு சீறல் வருமே, அது. விசில் வருவதே இல்லை.

ஜூலை 4

அம்மா போன். வலது காதுக்கு மாற்றிக்கொண்டேன். "ஏன்டி கத்தறே?" என்றாள். நானா கத்துகிறேன்! காது மிஷினை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டியிருப்பவள் அவள்.

சொல்லவில்லை.

ஜூலை 6

சாட்லர் தெருவில் வயலின் பெண். இருபது வயது இருக்கலாம். பெட்டியைத் திறந்து வைத்து, அதன் மூடியில் அட்டை தட்டுகிற சின்ன இயந்திரத்தை ஒட்டியிருக்கிறாள். தட்டினால் இரண்டு பவுண்டு போகும். இப்போது யார் சட்டைப் பையில் சில்லறை இருக்கிறது? ஆனால் பெட்டிக்குள் நாலைந்து காசை அவளே போட்டு வைத்திருக்கிறாள், ஆரத்தித் தட்டில் முதல் காசை நாமே போடுகிற மாதிரி.

இவர் வழக்கம்போல என் இடப்பக்கம் வந்தார். கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பக்கம்தான். பாதி தெரு தாண்டி என் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றார். "ஒண்ணுமே கேக்கலையா?" வயலினைப் பற்றி மட்டுமில்லை, மெயில் பெட்டியில் வந்த கடிதத்தைப் பற்றியும் இத்தனை நேரம் பேசியிருக்கிறார். ஸ்கேன் 8ஆம் தேதி.

வலப்பக்கம் மாறி நடந்தார். வீடு வரும்வரை இருவர் தோளும் இடித்துக்கொண்டே இருந்தது.

ஜூலை 8

ஸ்கேன். இரண்டு காதிலும் பஞ்சு வைக்கக் கொடுத்தார்கள். இடதுக்கு எதற்கு என்று கேட்க நினைத்து விட்டுவிட்டேன்.

குழாய்க்குள் போனதும் அடி. அப்படி ஒரு அடி. முதலில் கதவைத் தட்டுவது போல, பிறகு தட்டச்சு போல, பிறகு தவில் பழகுகிற பையன் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப அடிப்பது போல. தாளம் போட்டுப் பார்த்தேன். எட்டு வந்தது. அடுத்த சுற்றில் ஏழரை. ஆடக்கூடாது என்பதால் கால் கட்டைவிரலில் மட்டும் எண்ணினேன்.

நரம்பில் கட்டி ஏதும் இருக்கிறதா என்று பார்க்கத்தான். இருக்காது என்றார்கள். அப்புறம் எதற்குப் பார்க்கிறீர்கள் என்று கேட்பது முட்டாள்தனம்.

ஜூலை 9

மாத்திரை குறைய ஆரம்பித்துவிட்டது. பசி குறையவில்லை.

ஜூலை 10

மார்க்கெட் பிளேஸில் குதிரை மேல் லண்டண்டெரி பிரபு. நிலக்கரிச் சுரங்க முதலாளி. 1861இல் வைத்த சிலை, செய்தவர் ரஃபாயேல் மோன்டி. ஒரு குறை கண்டுபிடியுங்கள் பார்க்கலாம் என்று சவால் விட்டாராம். யாராலும் முடியவில்லை. கண் தெரியாத பிச்சைக்காரர் ஒருவர் ஏறி, குதிரை வாய்க்குள் கைவிட்டு, நாக்கு இல்லையே என்றாராம். சிற்பி தற்கொலை செய்துகொண்டாராம். மோன்டி செத்தது 1881இல், லண்டனில். இருபது வருஷம் யோசித்துத் தற்கொலை செய்பவர் யார்?

கதை பொய். ஆனால் அந்தப் பிச்சைக்காரர் எனக்கு வேண்டும். சிலைக்கு அடியில் கித்தார் பையன் ஒருவன் பாடிக்கொண்டிருந்தான். கண்ணை மூடிக்கொண்டு அவன் எந்தப் பக்கம் என்று கைநீட்டிப் பார்த்தேன். மூன்று தடவை. மூன்றும் தப்பு. மூன்றாவது தடவை ஒரு அம்மாள் மேல் கை பட்டு, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஓடி வந்தேன்.

விரல் சோதனை: இல்லை. இல்லை. இல்லை.

ஜூலை 13

சுரங்கத் தொழிலாளர் திருவிழா. ஜூலை இரண்டாவது சனி. 1871இலிருந்து நடக்கிறது. இந்த மாவட்டத்தில் இன்று ஒரு சுரங்கம்கூட இல்லை, கடைசியாக இருந்தவையும் 1993இல் மூடிவிட்டார்கள். பேண்டு மட்டும் வருகிறது. ஊருக்கு ஊர் பதாகை, பதாகைக்குப் பின்னால் பேண்டு, பேண்டுக்குப் பின்னால் ஊர். அம்மாவிடம் சொன்னால் சாமி புறப்பாடு என்பாள். உற்சவ மூர்த்திக்குப் பதில் பட்டுத் துணியில் தலைவர்களின் முகம்.

ஓல்ட் எல்வெட்டில், ஹோட்டலுக்கு எதிரே, வலது காது ரோட்டுக்கு வருகிற மாதிரி சுவரோரம் நின்றேன். மாடத்தில் தொழிற்சங்கத் தலைவர்கள். அவர்களுக்கு முன்னால் ஒவ்வொரு பேண்டும் நின்று ஒரு உருப்படி வாசித்துவிட்டுத்தான் நகரும். கார்னெட்காரர்களில் பாதி பள்ளிக்கூடப் பிள்ளைகள். யூஃபோனியம் வாசித்த தாத்தாவின் உதட்டில் வளையமாகச் சிவந்த தழும்பு. வாசிப்பதற்கு இடையில் புறங்கையால் ஒற்றிக்கொண்டார். தழும்பைப் பார்க்கிற தூரத்தில் நின்றேன். பெரிய டிரம் என்னை ஏமாற்றவில்லை, அது காதுக்கு வருவதற்கு முன்னால் நெஞ்சுக்கூட்டில் அடித்துவிடுகிறது.

பதினோரு மணிக்குமேல் தாங்கவில்லை. பாட்டு, பேச்சு, குழந்தை அழுகை, எல்லாம் ஒரே கூழ். இரண்டு காது இருந்தால் கூட்டத்தில் ஒரு குரலை மட்டும் தனியாகப் பிரித்தெடுக்கலாம். ஒரு காதில் முடியாது. இவர் கத்திக் கத்தி ஏதோ சொல்ல, "சும்மா இருங்களேன்" என்று நானும் கத்த, பக்கத்தில் நின்றவர்கள் இரண்டடி தள்ளி நின்றார்கள். கோபித்துக்கொண்டு தனியாகக் கிளம்பிவிட்டேன்.

ஆற்றங்கரைப் பாதையில் வந்துகொண்டிருந்தபோது கூட்டத்துச் சத்தம் திடீரென்று நின்றது. பிறகு மைதானத்தில் பேண்டு, மெதுவாக. கிரெஸ்ஃபோர்டு. 1934இல் வேல்ஸில் ஒரே சுரங்கத்தில் 266 பேர் செத்தார்களே, அதற்காக ஹெபர்ன் சுரங்கத் தொழிலாளி ராபர்ட் செயின்ட் எழுதியது. அதற்கு வார்த்தை கிடையாது. பாதையில் எதிரே வந்தவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் திரும்பி நின்றார். நானோ ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வேலியைப் பார்த்து நின்றிருந்தேன். அவரைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டேன்.

ஜூலை 14

இவரோடு பேச்சில்லை. ரசம் மட்டும் வைத்தேன்.

ஜூலை 16

ஸ்கேன் சுத்தம். கடிதத்தை இவர் உரக்கப் படித்தார், வலப்பக்கம் நின்று. கட்டி இல்லை. காரணமும் இல்லை. "காரணம் தெரியவில்லை" என்பதற்கு நாலெழுத்தில் ஒரு லத்தீன் சொல்லாவது போட்டிருக்கலாம்.

கதீட்ரல் கோபுரத்தில் 325 படி ஏறி பாடகர் குழு வருஷத்துக்கு ஒரு தடவை மேலே நின்று பாடும், மே கடைசி வாக்கில். மூன்று பக்கம் பார்த்துப் பாடுவார்கள். மேற்கே பார்த்துப் பாடுவதில்லை. அந்தப் பக்கம் ஒரு பையன் தவறி விழுந்தான் என்று கதை. இந்த வருஷம் புல்வெளியில் நின்று கேட்டேன். அப்போது எனக்கு நாலு பக்கமும் இருந்தது.

ஜூலை 18

பிராஸ் திருவிழாவுக்கு வந்த பேண்டுகள் தெருவுக்குத் தெரு. இவை சனிக்கிழமைப் பேண்டுகள் மாதிரி இல்லை. குதிக்கிறார்கள், சுற்றுகிறார்கள், ட்யூபாவைத் தலைக்குமேல் சுழற்றுகிறார்கள். மார்க்கெட் பிளேஸில் சிலைக்கு அடியில் ஒரு குழு. குழந்தைகள் எல்லாம் உள்ளே நுழைந்து ஆட்டம். நானும் ஓரமாகக் கால் தட்டிக்கொண்டிருந்தேன்.

டிராம்போன் ஒரு நீண்ட ஸ்வரத்தைப் பிடித்தார். அபஸ்வரம். எனக்கு உடம்பு கூசியது. ஊர் ஊராகப் போய் வாசிக்கிறவர், இப்படியா? பக்கத்தில் இருந்தவர்கள் முகத்தில் ஒன்றும் இல்லை. அடுத்த ஸ்வரமும் அப்படியே, பக்கத்திலேயே இன்னொன்று ஒட்டிக்கொண்டு, அரை ஸ்வரம் இறங்கி, தகரத்தில் அடித்த மாதிரி.

வலது காதை விரலால் அடைத்தேன்.

கேட்டது.

தூரத்தில், தகர டப்பாவுக்குள், தப்பான சுருதியில். ஆனால் கேட்டது.

விரலை எடுத்தேன், அடைத்தேன், எடுத்தேன். வலதில் ஒரு சுருதி, இடதில் ஒரு சுருதி. இவருக்குப் போன் போட்டுச் சொன்னேன். "ரெண்டு சுருதியா? அப்ப நல்லதா கெட்டதா?" என்றார். பேச்சில்லை என்பது இருவருக்கும் மறந்துவிட்டது.

ஜூலை 19

வீட்டில் சுருதிப்பெட்டியை எடுத்தேன். ஒரு கட்டைச் சுருதி வைத்தேன். வலது: ஒரு கட்டை. இடது: அதற்குப் பக்கத்தில், ஒரு பேரில்லாத இடம்.

காலையில் அப்படி. ராத்திரி இடது மறுபடி பஞ்சு.

ஜூலை 20

இல்லை.

ஜூலை 21

முதல் நாள் அந்த இரண்டாவது டாக்டர் இசைக்கவையைத் தட்டி என் நெற்றி நடுவில் வைத்து, "எந்தப் பக்கம் கேட்கிறது?" என்றார். நொடிக்கு 512 அதிர்வு, கிட்டத்தட்ட ஒரு கட்டைதான். நெற்றி நடுவில் வைத்தால் நடுவில் கேட்க வேண்டும். எனக்கு வலதுக்கு ஓடிவிட்டது. வெட்கமாக இருந்தது, தப்பான பதில் சொன்ன பிள்ளை மாதிரி.

நாளைக் காலை 9.40க்கு மறுபடி பரிசோதனை. வரைபடத்தில் வலதுக்குச் சிவப்பு வட்டம், இடதுக்கு நீலப் பெருக்கல் குறி. போன தடவை நீலமெல்லாம் தாளின் அடியில் கிடந்தன. ஏறாவிட்டால் அடுத்தது செவிப்பறை வழியாக ஊசியாம்.

சாயங்காலம் பாலத்துக்குப் போனேன். அக்கார்டியன் மனிதர் என்னைப் பார்த்ததும் பாதிப் பாட்டில் நிறுத்தி, இந்தத் தடவை கையாலேயே "என்ன வாசிக்கட்டும்?" என்று கேட்டார். ஒரே ஒரு கட்டையை அமுக்கிப் பிடிக்கச் சொன்னேன். ஒன்றே ஒன்று, நான் போதும் என்கிறவரை. சிரித்துக்கொண்டே துருத்தியை விரித்தார். வலது காதை அடைத்துக்கொண்டு

அம்மா போன். அப்புறம்.