திருமுழுக்குக்கு ஆயத்தமான ஒன்பது மாதங்கள்

என் கணவர் பிறவிக் கத்தோலிக்கர். நான் ஐம்பத்தோராவது வயதில் திருமுழுக்குப் பெற்றவள். திருமணத்துக்குப் பிந்தைய இருபத்து மூன்று ஆண்டுகளில் பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடன் சிங்கப்பூரின் ஓஃபிர் சாலையில் உள்ள லூர்து அன்னை ஆலயத்துக்குச் சென்று, பின்வரிசைகளில் ஒன்றில் உட்கார்ந்து, நற்கருணை வாங்க மற்றவர்கள் எழுந்து போகும்போது அவருடைய குடையையும் என் கைப்பையையும் மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறேன். 1888-இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த ஆலயம் தொடக்கத்திலிருந்தே தமிழ்க் கத்தோலிக்கர்களின் ஆலயம் என்பதால், தேக்காச் சந்தையில் காய்கறி வாங்கும்போது பார்க்கும் முகங்களையே அங்கும் பார்ப்பேன். "எப்போது ஞானஸ்நானம்?" என்று கேட்டவர்கள்கூட, "சாப்பிட்டாச்சா?" என்று கேட்கிற தொனியில்தான் கேட்டார்கள். நானும் சிரித்து வைப்பேன்.

2022 ஜூலையில் திருமுழுக்கு ஆயத்த வகுப்பில் சேர்ந்தபோது காரணம் கேட்டார்கள். பிள்ளைகள் இருவரும் திருமுழுக்குப் பெற்றவர்கள், வீட்டில் நான் மட்டும் வெளியே நிற்பதுபோல் இருக்கிறது என்று சொன்னேன். அது பொய்யில்லை. ஆனால், அதற்காக மட்டும் என்றால் இருபது ஆண்டுகளுக்கு முன்பே சேர்ந்திருப்பேன்.

சேர எண்ணுகிறவர்களுக்காக நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வயது வந்தவர்களுக்குக் கத்தோலிக்கத் திருச்சபை உடனே தண்ணீர் ஊற்றிவிடுவதில்லை. பழங்காலத் திருச்சபையில் இருந்து, பின்னர் வழக்கொழிந்துபோன படிப்படியான ஆயத்தத்தை மீட்டெடுக்க வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் கூறியது. அதற்கான சடங்குமுறை 1972-இல் வெளிவந்தது. முதலில் கேள்வி கேட்கும் காலம். அதன் பிறகு நெற்றியில் சிலுவை அடையாளம் இட்டு ஏற்றுக்கொள்ளும் சடங்கு. பிறகு மாதக்கணக்கில் வகுப்புகள். ஈஸ்டருக்கு முன் வரும் தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று பெயர்ப் பதிவு. மூன்றாம், நான்காம், ஐந்தாம் ஞாயிறுகளில் ஆய்வு வழிபாடுகள். கடைசியில், ஈஸ்டருக்கு முந்தைய இரவில் நடக்கும் பாஸ்கா திருவிழிப்பில் திருமுழுக்கு, எண்ணெய் பூசி நம்பிக்கையில் உறுதிப்படுத்தும் உறுதிப்பூசுதல், நற்கருணை ஆகிய மூன்றும் சேர்ந்து. பதினாறு வயது நிறைந்த, உறுதிப்பூசுதல் பெற்ற கத்தோலிக்கர் ஒருவர் ஞானப்பெற்றோராகத் துணை நிற்க வேண்டும். எனக்கு அமைந்த ஞானத்தாய், என்னைவிடப் பத்து வயது மூத்த ஓர் அக்கா, ஓய்வுபெற்ற தாதி. பெயரை மாற்றியே ஆகவேண்டும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படிக் கட்டாயம் இல்லை. கிறிஸ்தவ உணர்வுக்கு ஒவ்வாத பெயராக இல்லாமலிருந்தால் போதும். என் பெயர் அம்மா வைத்தது. அதை அப்படியே வைத்துக்கொண்டேன்.

அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் இதை எழுத முடியாது. 2019-இல் அவருக்கு முதுமை மறதிநோய் என்று உறுதியானது. முதலில் சாவியையும் அடுப்பையும் மறந்தார், பிறகு கிழமைகளை, பிறகு பேரப்பிள்ளைகளை. கடைசியில் என்னை. என்னைத் தன்னுடைய மூத்த சகோதரி என்று எண்ணிக்கொண்டு, "அக்கா" என்று கூப்பிடத் தொடங்கினார். செம்பவாங் கடற்படைத் தளத்தில் என் தாத்தா வேலை பார்த்த காலத்துத் தொழிலாளர் குடியிருப்புதான் அவருடைய மனத்தில் மிச்சமிருந்த வீடு. நாங்கள் இருக்கும் அடுக்குமாடி வீடு அவருக்கு யாரோ ஒருவரின் வீடு.

2021-இல் ஓர் இரவு, மூன்று மணி இருக்கும், அம்மா வாசற்கதவை உலுக்கிக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போக வேண்டுமாம்; அப்பா தேடுவாராம். அந்த வாரத்தில் அது நான்காவது இரவு. அப்போது எங்களிடம் பணிப்பெண் இல்லை. காலையில் எட்டரை மணிக்கு நான் அலுவலகக் கூட்டத்தில் இருக்க வேண்டும். கையைப் பிடித்து இழுத்தேன், அவர் என் கையைக் கடித்தார், நான் அறைந்துவிட்டேன். என் திருமண மோதிரம் அவருடைய கன்னத்தெலும்பில் பட்டது. சின்னப் பிள்ளைபோல் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஐந்து நிமிடம் கழித்து, எதுவும் நடவாததுபோல், "அக்கா, தேத்தண்ணி குடுக்கிறியா?" என்று கேட்டார். கலந்து கொடுத்தேன். மறுநாள் பகல்நேரப் பராமரிப்பு நிலையத்தில் கன்னத்துத் தடிப்பைப் பற்றிக் கேட்டவர்களிடம், கதவு நிலையில் இடித்துக்கொண்டார் என்று சொன்னேன். வீட்டிலும் அதையே சொன்னேன்.

அந்த நிகழ்ச்சி உலகத்தில் என்னைத் தவிர வேறு யாருடைய நினைவிலும் இல்லை என்றுதான் எண்ணியிருந்தேன். அடி வாங்கியவரே மறந்துவிட்டார். முதலில் அது பெரிய ஆறுதலாக இருந்தது. சில மாதங்களில் அதுவே கழுத்தை நெரிக்கத் தொடங்கியது. மன்னிப்புக் கேட்கலாமென்றால், நடந்ததை அறிந்த ஒருவர் வேண்டும். அம்மா என்னை மன்னிக்கவில்லை. அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். வகுப்பில் சேர்ந்ததற்கு இதுதான் காரணம் என்பதை எனக்கு நானே ஒப்புக்கொள்ளவும் நெடுநாள் ஆயிற்று.

வகுப்பின் தொடக்க வாரங்களில், கடவுள் உங்களை அன்பு செய்கிறார் என்று எங்கள் மறைக்கல்வி ஆசிரியை சொன்னபோதெல்லாம் நான் பணிவாகத் தலையசைத்தேன். மனத்துக்குள், ஊருக்கெல்லாம் பெய்கிற மழை என் வாசலிலும் பெய்கிறது, அதில் எனக்கென்று என்ன இருக்கிறது என்று தோன்றும். பிறகு ஒரு மாலையில் திருப்பாடல் 139-ஐ வாசிக்கச் சொன்னார். "ஆண்டவரே! நீர் என்னை ஆய்ந்து அறிந்திருக்கின்றீர்!" என்று தொடங்குகிற அந்தப் பாடலில் உட்காருவது, எழுவது, நாவில் சொல் பிறக்குமுன்பே அது தெரிந்துவிடுவது, விண்ணுக்கு ஏறினாலும் பாதாளத்தில் படுத்தாலும் தப்ப முடியாதது எல்லாம் வருகின்றன. வகுப்பில் இருந்தவர்கள் எவ்வளவு ஆறுதல் என்றார்கள். எனக்கு வியர்த்தது. வாசற்கதவருகே அந்த இரவில் மூன்றாவதாக ஒருவர் நின்றிருந்தார் என்றல்லவா இதற்கு அர்த்தம்?

ஆசிரியை தமிழ் படிப்பித்து ஓய்வுபெற்றவர் என்பதால் சொற்களை விடமாட்டார். "அவரை எனக்குத் தெரியும் என்பது வேறு, அவரை அறிவேன் என்பது வேறு. மின்தூக்கியில் தினமும் பார்க்கிறவரைத் தெரியும். அறிவதற்குக் கூட வாழ வேண்டும்" என்றார். கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தின் நான்காம் அதிகாரத்தில், நீங்கள் கடவுளை அறிந்திருக்கிறீர்கள் என்று எழுதிக்கொண்டு வந்த பவுல், அந்த வாக்கியத்திலேயே தன்னைத் திருத்திக்கொண்டு, இல்லை, கடவுளால் அறியப்பட்டிருக்கிறீர்கள் என்று மாற்றிச் சொல்வதையும் அவர்தான் காட்டினார். கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிற எனக்குப் பாதி எழுதியதை அடித்துத் திருத்துவதென்றால் என்னவென்று தெரியும். முதலில் எழுதிய தொகை முழுத் தவறு இல்லை, ஆனால் அது பற்றும் வரவும் மாறிய பதிவு.

எசாயா 49-ஐ வாசித்த மாலைதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. பால்குடிக்கும் மகவைத் தாய் மறப்பாளோ என்று கேட்டுவிட்டு, அவர்கள் மறந்தாலும் நான் உன்னை மறக்கமாட்டேன், என் உள்ளங்கைகளில் உன்னைப் பொறித்து வைத்திருக்கிறேன் என்று கடவுள் சொல்லும் பகுதி அது. தாய் மறப்பது நடவாத காரியம் என்கிற தொனியில் எல்லாரும் அதை வாசித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. என் தாய் மறந்துவிட்டார் என்று சொல்லிவிட்டு வெளியே போய் ரோச்சோர் எம்ஆர்டி ரயில் நிலையம் வரைக்கும் நடந்தேன். அங்கே நின்றபோதுதான், "மறந்தாலும்" என்ற சொல் அந்த வசனத்திலேயே இருக்கிறது என்பது உறைத்தது. எழுதியவர் அந்தச் சாத்தியத்தைத் தள்ளிவிடவில்லை. அதை ஏற்றுக்கொண்ட பிறகே அடுத்த வரியைச் சொல்கிறார். அடுத்த வாரம் மறுபடியும் வகுப்புக்குப் போனேன்.

2023 பிப்ரவரி 26, தவக்காலத்தின் முதல் ஞாயிறு. பெயர்ப் பதிவு எளிய சடங்குதான். அதைப் பற்றி எழுத அதிகம் இல்லை. என் பெயரின் எழுத்துகளை வேறு யாரோ உச்சரிக்கக் கேட்டு நெடுங்காலம் ஆகிவிட்டதுபோல் இருந்தது, அவ்வளவே.

மார்ச் 12, மூன்றாம் ஞாயிறு. "ஆய்வு" என்று தமிழ்த் தாளில் அச்சிட்டிருந்தாலும் எங்கள் வகுப்பில் எல்லாரும் ஸ்குருட்டினி என்றே சொல்வோம். பெயரைக் கேட்டதும் நேர்முகத் தேர்வு என்று நான் பயந்திருந்தேன். யாரும் எதையும் கேட்பதில்லை. முன்னால் போய் முழந்தாளிட வேண்டும், ஞானத்தாய் தோளில் கைவைத்திருப்பார், சபை முழுவதும் நமக்காக மன்றாடும். அன்றைய நற்செய்தி, யோவான் நான்காம் அதிகாரம், சமாரியப் பெண். உச்சி வெயிலில் தனியாகத் தண்ணீர் எடுக்க வந்தவளிடம் இயேசு அவளுடைய ஐந்து கணவர்களைப் பற்றிச் சொல்கிறார். அவள் குடத்தைப் போட்டுவிட்டு ஊருக்குள் ஓடி, நான் செய்ததையெல்லாம் ஒருவர் என்னிடம் சொன்னார், வந்து பாருங்கள் என்கிறாள். பல ஆண்டுகளாகப் பின்வரிசையிலிருந்து கேட்ட பகுதிதான். முன்னால் முழந்தாளிட்டுக் கேட்டபோது ஒன்று விளங்கவில்லை: செய்ததையெல்லாம் ஒருவர் சொல்லிவிட்டார் என்பது ஊரைக் கூட்டி அறிவிக்கிற நல்ல செய்தியா? நானாக இருந்தால் வேறு கிணறு தேடியிருப்பேன். அவர் அவளுடைய வரலாறு தெரியாமல் தண்ணீர் கேட்கவில்லை. தெரிந்துகொண்டே, அவள் குடத்திலிருந்து குடிக்கக் கேட்டார். அவளை ஓடவைத்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

திருப்பலி முடிந்ததும் அருள்தந்தையிடம் போய், பாவமன்னிப்புக் கேட்க வேண்டும் என்றேன். அவர் மென்மையாக, திருமுழுக்குப் பெறாதவர் ஒப்புரவு அருள்சாதனத்தைப் பெற முடியாது, திருமுழுக்கே அதுவரையிலான எல்லாப் பாவங்களையும் போக்கிவிடும் என்று விளக்கினார். யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை! ஒரு கணம் தப்பித்தோம் என்றிருந்தது. மறுகணம் ஏமாற்றமாக இருந்தது. பக்கத்துக் காப்பிக் கடையில் ஞானத்தாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன், மோதிரம் உட்பட. முப்பது ஆண்டுகள் மருத்துவமனை வார்டுகளில் இருந்த அந்த அக்கா அதிர்ச்சியடையவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. "உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லும்மா. இரவுக்கு ஆள் வைங்க" என்றார். அதற்குப் பிறகுதான் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அன்றிரவே சொன்னேன். என் கணவர் சற்று நேரம் தரையைப் பார்த்துவிட்டு, "எனக்குத் தெரியும். அன்னைக்கு நான் முழிச்சுத்தான் இருந்தேன்" என்றார். சத்தம் கேட்டு எழுந்து வந்தவர், நான் தேநீர் கலப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்ப் படுத்திருக்கிறார். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அதை அறிந்துகொண்டே என்னோடு சாப்பிட்டு, என்னோடு பேசி, மாதாந்தரப் பரிசோதனைக்கு அம்மாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார். இதைக் கேட்டு நான் நெகிழ்ந்தேன் என்று எழுதினால் அது பொய். இரண்டு நாள் அவருடன் பேசவில்லை. தெரிந்தும் ஏன் எழுந்து வந்து உதவவில்லை, ஏன் சொல்லவில்லை? சொன்னால் நீ உடைந்துபோவாய் என்று பயந்தேன் என்றார். மனிதருடைய அறிதலில் இப்படிப் பயமும் கலந்திருக்கிறது. ஆனாலும், என்னைப் பற்றி அறிந்த ஒருவர் என்னை விட்டுப் போகாமல் இருந்திருக்கிறார் என்பது மூன்றாவது நாள் காலையில் பாத்திரம் கழுவும்போது மெதுவாக உறைத்தது. ஏப்ரல் தொடக்கத்தில் இரவுக்கும் சேர்த்துப் பணிப்பெண் ஒருவரை அமர்த்திக்கொண்டோம்.

அம்மாவிடமும் மன்னிப்புக் கேட்டேன். "எதுக்குக்கா?" என்றார். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. மாரியம்மனுக்கு ஆண்டுதோறும் நோன்பிருந்த அம்மா, நினைவோடு இருந்திருந்தால் நான் திருமுழுக்குப் பெறுவதை விரும்பியிருப்பாரா என்ற கேள்வியும் என்னிடம் உண்டு. விரும்பியிருக்கமாட்டார் என்றே நினைக்கிறேன். அவர் அறியாமல் நான் எடுத்த இரண்டாவது பெரிய முடிவு அது; முதலாவது என் திருமணம், அதற்காவது பிறகு சமாதானமானார்.

ஏப்ரல் 8, பாஸ்கா திருவிழிப்பு. விளக்குகளை அணைத்து, புதுத் தீயிலிருந்து ஏற்றிய பாஸ்கா திரியை இருட்டுக்குள் ஏந்தி வந்தார்கள். வாசகங்கள் நீண்டன. என் முறை வந்ததும் தலையைக் குனிந்தேன். அம்மா வைத்த பெயரைச் சொல்லி, தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால் அருள்தந்தை மூன்று முறை தண்ணீர் ஊற்றினார். தண்ணீர் நான் நினைத்ததைவிடக் குளிர்ச்சி. பிறகு நறுமணம் சேர்த்த கிறிஸ்மா எண்ணெயை நெற்றியில் பூசினார். அன்றைக்கு முதன்முறையாகக் குடையையும் கைப்பையையும் மகளிடம் கொடுத்துவிட்டு நற்கருணை வரிசையில் நின்றேன்.

வீடு திரும்பும்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. அம்மா விழித்திருந்தார். பணிப்பெண்ணைப் படுக்கச் சொல்லிவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் முகத்தை இரு கைகளாலும் பிடித்து இழுத்து, நெற்றியை முகர்ந்து பார்த்தார்.

"என்ன எண்ணெய்க்கா தேச்சிருக்க? நல்லா வாசமா இருக்கு."

"கோயில்ல கொடுத்ததும்மா."

"எனக்கும் கொஞ்சம் தேச்சு விடு" என்றார். அலமாரியிலிருந்து தேங்காயெண்ணெயை எடுத்துவந்து, அவருடைய தலையைப் பின்பக்கம் சாய்த்து, மெதுவாகத் தேய்க்கத் தொடங்கினேன்.